அரக்கில் உறைந்த பியானோ



சென்னை ராயப்பேட்டையில், மணிக்கூண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என் பெரியப்பாவின் வீடு இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். மாடி அறை முழுவதும் கிராமபோன் இசைத்தட்டுகள். பெரும்பாலானவை கர்நாடக இசை. ஒரே ஒரு மரப்பெட்டியில் மட்டும் ஜாஸ் பியானோ இசைத்தட்டுகளைத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறார். அவர் மாணவராக இருந்த நாட்களில், 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில், பழைய சாமான்களுக்கு நடுவே தேடித் தேடி எடுத்தவை அவை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி மகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவள் கையில் முதலில் அகப்பட்டது ஒரு பழைய காகித உறை. அதன் மேல் பென்சிலால் எழுதிய எண்கள் வரிசையாக இருந்தன: 31, 34, 38, 40. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருடம்.

"இது என்ன கணக்கு, தாத்தா?" என்று கேட்டாள்.

"அதைப் பிறகு நீயே கண்டுபிடிப்பாய். முதலில் தட்டைப் பார். விளிம்பை மட்டும் பிடி, கண்ணு. கீழே போட்டால் அப்பளம்தான்!"

உறையிலிருந்து கறுப்புத் தட்டு வெளியே வந்தது. விளிம்பிலிருந்து உள்நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல். பெயர்ச்சீட்டில் 'கொலம்பியா' என்ற கம்பெனிப் பெயரும், டெடி வெதர்ஃபோர்டு என்ற பெயரும் இருந்தன.

யார் இந்த வெதர்ஃபோர்டு? அமெரிக்காவில் பிறந்த கறுப்பின ஜாஸ் பியானோ கலைஞர். சிகாகோ நகரில் புகழ் பெற்ற பிறகு 1926-இல் கிழக்கு நாடுகளுக்குக் கப்பலேறினார். ஷாங்காய், பம்பாய், கொழும்பு என்று பல ஊர்களில் வாசித்துவிட்டுக் கடைசியில் கல்கத்தாவில் தங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கேயே பல இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். 1945-இல் கல்கத்தாவில் காலரா நோய் கண்டு இறந்தார். கடல் கடந்து வந்த ஒரு கலைஞனின் விரல்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய ஓசை அந்தத் தட்டில் இருந்தது. அது எதில் இருக்கிறது, எப்படி இருக்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

பூச்சி தந்த இசைத்தட்டு

"இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாள் அவள்.

இல்லை. மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொல்லத் துரியோதனன் கட்டுவித்த மாளிகை நினைவிருக்கிறதா? அதே அரக்குதான். கடிதங்களுக்கு முத்திரையிடவும், மரச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றவும் பயன்படும் அரக்கு. இதை ஒரு சிறு பூச்சி சுரக்கிறது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. தம் உடலை மூடிக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கின்றன. அது கிளையின் மேல் பொருக்காகப் படிகிறது. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கித் தகடாக்கினால் அரக்கு கிடைக்கும். (நம் சென்னையின் புரசைவாக்கம் இந்தப் புரசு மரத்தால்தான் பெயர் பெற்றது என்பார்கள்.)

அரக்குடன் மிக நைசான கல்தூள், கரி, சிறிது பஞ்சு இழை ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்கி, அச்சில் வைத்து அழுத்துவார்கள். ஆறியதும் கறுப்புத் தட்டு தயார்! சுமார் ஐம்பது ஆண்டுக் காலம் உலகில் விற்ற இசைத்தட்டுகளில் பெரும்பகுதி இவ்வாறு செய்யப்பட்டவையே.

அந்த அரக்கில் மிகப் பெரும் பங்கு இந்தியக் காடுகளிலிருந்து, முக்கியமாகச் சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து போயிற்று. அங்கே ராஞ்சிக்கு அருகில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் 1924-இல் நிறுவப்பட்டது. 1942-இல், போரின் காரணமாக, அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் அரக்கின் அளவை 70 சதவீதம் குறைத்துவிட்டது. கம்பெனிகள் பழைய தட்டுகளை விலைக்கு வாங்கி, உடைத்து, புதிய தட்டுகள் செய்தன. அப்படி எத்தனை நல்ல இசை தூளாகிப் போயிற்றோ!

ஆக, நியூயார்க்கில் ஒரு கலைஞர் பியானோ வாசித்தால், அதைத் தாங்கி நின்றது நம் நாட்டுப் பழங்குடி மக்கள் மரக்கிளையிலிருந்து சேகரித்த பிசின். 'இது அயல்நாட்டு இசை, நமக்கென்ன சம்பந்தம்?' என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மூன்று நிமிடச் சிறை

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நெருக்கமான வட்டங்கள் தெரியும். உண்மையில் அவை பல வட்டங்கள் அல்ல. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளம். ஊசி அந்தப் பள்ளத்தில் ஓடும்போது, பள்ளத்தின் வளைவுகள் ஊசியை இடமும் வலமும் அசைக்கின்றன. அந்த அசைவு ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்கிறது. தகடு காற்றை அதிரச் செய்கிறது. நாம் இசை கேட்கிறோம். கலைஞர் வாசித்தபோது காற்று எப்படி அசைந்ததோ, அதன் படமே அந்தப் பள்ளம்.

பெரியப்பா ஒரு கணக்குப் போடச் சொன்னார். நீங்களும் போடுங்கள். இந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்கிறது. மூன்று நிமிடத்தில் 234 சுற்று. பள்ளத்தின் சராசரி விட்டம் 18 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 56.5 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 132 மீட்டர்! ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டத்துக்குள் 132 மீட்டர் நீளப் பாதை சுருண்டு கிடக்கிறது.

இதற்கு மேல் இடமில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைதான் அடங்கும். ஜாஸ் இசைக்கு இது பெரிய சோதனை. ஏனென்றால் ஜாஸ், நம் கச்சேரியைப் போல மனோதர்மத்தால் வளரும் இசை. அமெரிக்காவின் தென்பகுதியில், முக்கியமாக நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் உருவாக்கிய கலை அது. முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு அதையே வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றும் கற்பனைகளை விரிப்பார்கள். நம் வித்துவான்கள் கல்பனாஸ்வரம் பாடுவதை எண்ணிக்கொள்ளுங்கள். விடுதியில் பதினைந்து நிமிடம் விரிந்த கற்பனையைத் தட்டில் மூன்றே நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்! அதனால் அந்தக் காலத்துப் பதிவுகளில் வீண் சுரம் ஒன்றுகூட இராது.

1948-இல் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, மிக மெல்லிய பள்ளம், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை. அதன் பிறகே நீண்ட கற்பனைகள் வீட்டுக்குள் வந்தன.

இல்லாத ஒலியைக் கேட்கும் காது

பெரியப்பா அடுத்து ஒரு பழைய பதிவின் நகலை ஒலிக்க வைத்தார். ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921-இல் வாசித்த 'கரோலினா ஷவுட்'. அவருடைய இடது கை ஒரு தாழ்ந்த சுரத்தைத் தட்டிவிட்டு, உடனே தாவி நடுவில் ஒரு சுரக்கூட்டத்தைத் தட்டுகிறது. மீண்டும் கீழே, மீண்டும் நடுவே. வலது கையோ மெட்டை வாசித்து விளையாடுகிறது. ஒரே ஆள் தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து வாசிப்பது போல!

இந்தப் பதிவில் மின்சார ஒலிவாங்கியே கிடையாது. 1925 வரை பதிவுக்கூடத்தில் ஒரு பெரிய புனல்தான் இருந்தது. அதற்குள் விழுந்த ஒலியின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் பள்ளம் வெட்டியது. பியானோவின் அடிச் சுரம் விநாடிக்கு 27.5 அதிர்வு. உச்சிச் சுரம் 4186 அதிர்வு. ஆனால் அந்தப் புனல் பிடித்ததோ சுமார் இருநூறு முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான். ஜான்சனின் இடது கை தட்டிய தாழ்ந்த சுரங்களின் அடிப்படை அதிர்வு தட்டில் ஏறவே இல்லை.

"ஆனால் எனக்குக் கேட்கிறதே, தாத்தா!" என்றாள் அவள்.

கேட்கிறது, உண்மைதான். எப்படி? ஒரு தந்தி விநாடிக்கு 55 முறை அதிரும்போது, கூடவே 110, 165, 220, 275, 330 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. இவை மேற்சுரங்கள். 55-ஐப் புனல் விட்டுவிட்டது. 220, 275, 330 ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டது. இவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு? 55! நம் மூளை இந்த ஒழுங்கை உணர்ந்து, 'இதன் அடியில் 55 இருக்க வேண்டும்' என்று தானே சேர்த்துக்கொள்கிறது. இது கட்டுக்கதை அல்ல. சாதாரணத் தொலைபேசி சுமார் 300 அதிர்வுக்குக் கீழே உள்ள ஒலியை அனுப்புவதில்லை. ஆண் குரலின் அடிப்படையோ சுமார் 100 முதல் 150 வரைதான். ஆனாலும் அப்பா பேசினால் அப்பாவாகத்தானே கேட்கிறது?

பழைய பதிவைக் கேட்பவன் சும்மா கேட்பதில்லை. இல்லாததை இட்டு நிரப்பிக் கலைஞனோடு சேர்ந்து வேலை செய்கிறான். முதல் தடவை 'கரகர' என்றுதான் இருக்கும். மூன்றாம் தடவை கரகரப்பு விலகிப் பியானோ முன்னே வரும். பொறுமை வேண்டும்.

'கரோலினா ஷவுட்' இன்னொரு வகையிலும் முக்கியமானது. அந்தக் காலத்தில் தானே வாசிக்கும் பியானோக்கள் இருந்தன. துளையிட்ட காகிதச் சுருள் உருள உருள, துளைகளுக்கு ஏற்பக் கட்டைகள் தாமாக இறங்கும். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற டியூக் எலிங்டன், இளைஞராக இருந்தபோது இந்தச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, கட்டைகள் இறங்கும் இடத்தில் தம் விரல்களை வைத்துப் பழகினார். குரு இல்லாத இடத்தில் பதிவே குருவாயிற்று!

1925-க்குப் பின் ஒலிவாங்கி வந்தது. நுட்பமான ஓசைகளும் பதிவாயின. அதற்கு நல்ல சாட்சி, ஆர்ட் டேட்டம் 1933-இல் தனியாக வாசித்த 'டைகர் ராக்'. அவருக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை. மற்றதிலும் மிகக் குறைவு. அந்த வேகத்தைக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைப்பீர்கள்.

பியானோவுக்குக் கமகம் வருமா?

இப்போது ஒரு கேள்வி. மேல்நாட்டு வயலினைக் கர்நாடக இசை தன் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டது. பியானோவை ஏன் அப்படி ஏற்கவில்லை? ராயப்பேட்டைக்குப் பக்கத்திலேயே அண்ணா சாலையில் 1842-இல் தோன்றிய மியூசி மியூசிகல் என்ற வாத்தியக் கடை இருக்கிறது. பியானோ நமக்குப் புதிதல்ல. ஆனாலும் டி.டி.கே. சாலையில் உள்ள மியூசிக் அகாடமியின் டிசம்பர்க் கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கத்தில் வயலினைத்தான் பார்க்கிறோம்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. சுமார் 1700-ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த கிறிஸ்டோஃபோரி அமைத்த இக்கருவியில், கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய ஒரு சுத்தி எழும்பித் தந்தியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும். விலகிய பின் அந்தச் சுரத்தை வாசிப்பவர் வளைக்கவோ அசைக்கவோ முடியாது. வீணையில் தந்தியை இழுக்கலாம். வயலினில் விரலை வழுக்கலாம். பியானோவில் 88 கட்டைகள், 88 சுரங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுவர்! கமகம் இல்லாமல் தோடி ஏது?

ஜாஸ் கலைஞர்களுக்கும் இதே இடைஞ்சல் இருந்தது. அவர்களுடைய மூதாதையரின் பாட்டில் ஒரு குழைவான சுரம் உண்டு. நம் கணக்கில் சொன்னால், அது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஊசலாடும். பாடகர் பாடிவிடலாம். பியானோவில் அதற்குக் கட்டை இல்லையே!

அவர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள். இரண்டு காந்தாரங்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தட்டுவது! பியானோவின் நடு சட்ஜம் 261.6 அதிர்வு என்றால், சாதாரண காந்தாரம் 311.1, அந்தர காந்தாரம் 329.6. இரண்டும் சேரும்போது விநாடிக்கு 18.5 விம்மல்கள் எழுகின்றன. பாடத்தில் படித்திருப்பீர்கள்: நெருங்கிய அதிர்வெண்கள் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசமே விம்மல்களின் எண்ணிக்கை. காதுக்கு அது ஒரு கரகரப்பான உறுமலாக, இரண்டு சுரங்களுக்கும் நடுவே எதையோ தேடுவது போலக் கேட்கிறது. தெலோனியஸ் மங்க் என்ற மேதை இதில் வல்லவர். அவருடைய 'ப்ளூ மங்க்' என்ற 1954-ஆம் ஆண்டுப் பதிவைக் கேளுங்கள். தெரியாதவர்கள், 'கை தவறி இரண்டு கட்டையில் பட்டுவிட்டது' என்பார்கள். தவறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போக அவர் கதவைத் தட்டுகிறார்!

சென்னைக்கு வந்த ஐந்து

மரப்பெட்டியிலிருந்து பெரியப்பா அடுத்து எடுத்தது ஒரு வினைல் தட்டு.

"கையைத் தட்டிக்கொண்டே கேள், கண்ணு. எத்தனை எண்ணிக்கையில் திரும்பி வருகிறது, சொல்."

அவள் மூன்று முறை தவறினாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஐந்து! தகிட தக, தகிட தக!"

அது 'டேக் ஃபைவ்'. டேவ் புருபெக் என்ற பியானோ கலைஞரின் நால்வர் குழு 1959-இல் பதிவு செய்தது. இயற்றியவர் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அக்காலத்து ஜாஸ் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடந்தது. ஐந்து என்றால் ஆடக்கூட வராது என்று பலர் தயங்கினார்கள். ஆனால் அது இடம் பெற்ற 'டைம் அவுட்' என்ற தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது! இதில் புருபெக்கின் பியானோவைக் கவனியுங்கள். மற்றவர்கள் கற்பனை செய்யும்போது அவர் ஒரே சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறார். முரசு வாசிப்பவர் தனி ஆவர்த்தனத்தில் எங்கெங்கோ போய் வருகிறார். பியானோ மட்டும் தாளம் போடும் கை போல அசையாமல் நிற்கிறது.

இந்தக் குழு அதற்கு முந்தைய ஆண்டு, 1958-இல், இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. சென்னைக்கும் வந்தது. இங்கே இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு வியந்தார்கள். ஊர் திரும்பியதும் வெளியிட்ட தட்டில் 'கல்கத்தா ப்ளூஸ்' என்று ஒரு உருப்படி உண்டு. அதில் முரசுக் கலைஞர் ஜோ மொரெல்லோ குச்சிகளை வைத்துவிட்டு விரல்களால் வாசிக்கிறார்.

"அப்படியானால் டேக் ஃபைவ் நம் கண்ட சாபுவிலிருந்து போனதா?" என்று நான் ஆவலாகக் கேட்டேன்.

பெரியப்பா கையை உயர்த்தினார். "அவசரப்படாதே! கண்ட சாபு 'தக தகிட', அதாவது இரண்டும் மூன்றும். இவர்கள் வாசிப்பது மூன்றும் இரண்டும். ஒன்று முன்னால் நடந்தது, மற்றொன்று பின்னால் நடந்தது என்பதால் மட்டும் இது அதிலிருந்து வந்தது என்று சொல்லலாமா? அதே தட்டில் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு உருப்படி இருக்கிறது. அதைத் துருக்கியில் தெருக் கலைஞர்களிடம் கேட்டதாகப் புருபெக்கே சொல்லியிருக்கிறார். அதற்குச் சான்று உண்டு. ஐந்துக்கு அப்படிச் சான்று இல்லை. நல்ல காது உள்ளவர்கள் எங்கே போனாலும் கற்றுக்கொள்வார்கள் என்று மட்டும் சொல். அது போதும்."

விஞ்ஞானம் படிக்கும் நாமும் நினைவில் வைக்க வேண்டிய எச்சரிக்கை!

பென்சில் எண்களின் இரகசியம்

கடைசியில் வெதர்ஃபோர்டின் தட்டுக்கு வந்தோம். பெரியப்பா அன்று பழைய கிராமபோனைத் திறக்கவில்லை. மூன்று வேகத்தில் சுழலும் புதிய கருவி ஒன்றைக் கணிப்பொறியுடன் இணைத்திருந்தார்.

"தாத்தா, சாவி கொடுக்கும் பெட்டியில் போடுங்களேன்!"

"கூடாது. அதன் ஊசி எஃகு. அதன் மேல் நூறு கிராமுக்கு மேல் எடை அழுத்துகிறது. தட்டில் உள்ள கல்தூள் ஊசியைத் தேய்க்கும். தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்கும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும் என்றார்கள். போட்டாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இசை தூளாகப் போகிறது. இந்தக் கருவியில் சில கிராம்தான் அழுத்தம். ஊசியும் இந்த அகலமான பள்ளத்துக்கென்றே செய்தது."

தட்டு சுழன்றது. 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி 'டக்'. வாத்தியக் குழுவின் ஒலியும், அதன் நடுவே பியானோவும் எழுந்தன. ஆனால் அந்த 'டக்' மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் தன்னை அறியாமல் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஊசி விரிசலைத் தாண்டும் போதெல்லாம் ஒரு 'டக்'. சுற்றுக்கு ஒன்று. ஏறக்குறைய நாற்பது விநாடிக்குப் பின் அது நின்றுவிட்டது. விரிசல் முடிந்த இடத்தைக் கடந்து ஊசி உள்ளே போய்விட்டது. பியானோ மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஐம்பத்திரண்டு!" என்றாள். உடனே உறையைப் பார்த்தாள். 31, 34, 38, 40... "தாத்தா! இது 'டக்'கின் கணக்கு!"

ஆம். இவ்வகைத் தட்டில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 40 சுற்றுப் பள்ளம் இருக்கும். 40 'டக்' என்றால் பள்ளத்துக்குள் விரிசலின் நீளம் ஒரு சென்டிமீட்டர். 52 என்றால் 1.3 சென்டிமீட்டர். அளவுகோல் வைக்காமல், காதால் அளந்திருக்கிறார்! சென்ற முறைக்குப் பின் விரிசல் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. இன்னும் எத்தனை முறை தாங்கும்?

"பேசாமல் பெட்டியிலேயே வைத்திருந்தால் விரிசல் இவ்வளவு வளர்ந்திருக்காதே?" என்று கேட்டேன்.

"வைத்திருக்கலாம். அப்போது பெட்டிக்குள் இருப்பது அரக்குதான், இசை இல்லை. வருபவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். அதில் தேய்ந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் நகல் எடுப்பதை இத்தனை நாள் தள்ளிப் போட்டேன் பார், அதற்குத்தான் வருத்தம்."

இரண்டு நகல்கள் எடுத்தார். ஒன்று கேட்டது கேட்டபடி, 'டக்' ஒலிகளோடு. மற்றது கணிப்பொறியால் அவற்றை நீக்கியது. பழைய பதிவுகளைக் காப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். திருத்தாத நகல் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். நாளை இன்னும் நல்ல முறை வரும்போது அதிலிருந்து மீண்டும் தொடங்கலாம் அல்லவா?

பிறகு பென்சிலை அவளிடம் நீட்டினார். அவள் 40-க்குக் கீழே 52 என்று எழுதி, வருடத்தையும் குறித்தாள். தட்டு உறைக்குள் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை அவளுடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் வெதர்ஃபோர்டைக் கேட்டார்கள். முதல் நாற்பது விநாடி யாரும் பியானோவைக் கவனிக்கவில்லையாம். எல்லோரும் 'டக்' எண்ணினார்களாம்!

நீங்களே செய்து பாருங்கள்

1. உபயோகமற்றுப்போன, கீறல் விழுந்த இசைத்தட்டு ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கெட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் ஒரு குண்டூசியைச் செருகி ஒட்டுங்கள். தட்டைச் சுழலவிட்டு ஊசியைப் பள்ளத்தில் மெல்ல வையுங்கள். மின்சாரம் இல்லாமலே இசை கேட்கும். நல்ல தட்டில் இதைச் செய்யவே கூடாது!

2. 78 சுற்றுத் தட்டில் தூசி இருந்தால் மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் ஆகாது.

3. வினைல் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால், பள்ளத்தின் சராசரி விட்டம் 20.6 சென்டிமீட்டர் எனக் கொண்டு, அதன் நீளத்தைக் கணக்கிடுங்கள். (விடை: சுமார் 474 மீட்டர்.)

4. நண்பர் ஒருவர் 'தக தகிட' என்றும் நீங்கள் 'தகிட தக' என்றும் ஒரே வேகத்தில் தட்டுங்கள். எந்த எண்ணிக்கைகளில் இருவர் அழுத்தமும் ஒன்றாக விழுகிறது, எங்கே பிரிகிறது என்று எழுதிப் பாருங்கள்.

5. இக்கட்டுரையில் கூறிய பதிவுகளில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மூன்று முறை கேளுங்கள். முதல் முறை இடது கையை மட்டும், இரண்டாம் முறை வலது கையை மட்டும், மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கவனியுங்கள். பிறகு ஒரு நண்பரை அழைத்து, நீங்கள் கண்டுபிடித்ததை அவருக்குக் காட்டுங்கள்.